ஐந்து பாடமும் ஆறாவது பாடமும்

பள்ளிக்கூடத்தில் சாதி எங்கே இருக்கிறது என்று கேட்டால் எல்லாரும் விரல் நீட்டிக் காட்டுகிற இடங்கள் சில உண்டு. மணிக்கட்டில் கட்டுகிற கலர்க் கயிறு. கக்கூஸ் கழுவ நம்ம வீட்டுப் பிள்ளையை மட்டும் பேர் சொல்லிக் கூப்பிடுகிற வாய். தலித் பெண் சமைத்த சத்துணவு வேண்டாம் என்று பிள்ளையை வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போகிற கை. இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற சாதி. இதை எதிர்த்து மனுப் போட்டிருக்கிறோம், மறியல் செய்திருக்கிறோம், கோர்ட்டுக்கும் போயிருக்கிறோம். ஆனால் புத்தகப் பைக்குள் இருக்கிற சாதியைப் பற்றி நாம் பேசியது கொஞ்சம்தான்.

பையைத் திறப்போம். ஆறாவது, ஏழாவது, எட்டாவது. தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று ஐந்து புத்தகம். இந்த மூன்று வருஷத்தை ஏன் குறிப்பாக எடுக்கிறோம்? ஐந்தாவது வரைக்கும் நம் பிள்ளைகள் பலர் படிப்பது தெருவுக்குப் பக்கத்துப் பள்ளியில். ஆறாவதுக்குத்தான் ஊருக்குள் போகிறார்கள். பதினொரு வயசிலிருந்து பதினாலு வயசுக்குள்தான் தன் தெருவுக்கு ஊரில் என்ன பேர் என்பதைப் பிள்ளை அடுத்தவன் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்கிறது. 2002இல் 86ஆவது திருத்தம் அரசியல் சட்டத்தில் எழுதிவைத்த கல்வி உரிமையும் பதினாலு வயசோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேலே படிப்பது அவரவர் சாமர்த்தியம். ஆக, நம் சேரியின் கடைசிப் பிள்ளைக்கும் அரசு கொடுத்தே தீர வேண்டிய அறிவு எட்டாம் வகுப்போடு முடிந்துபோகிறது. அந்த அறிவில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று கேட்காமல் விடுதலை பேசிப் பிரயோசனம் இல்லை.

நாம் சொல்ல வருவது இதுதான். ஐந்து பாடமும் தனித்தனியாக எதையெதையோ சொல்லிக் கொடுக்கின்றன. ஐந்தும் சேர்ந்து, எந்தப் புத்தகத்திலும் அச்சாகாத ஆறாவது பாடம் ஒன்றையும் சொல்லிக் கொடுக்கின்றன. உன் வீட்டில், உன் தெருவில், உன் அப்பன் ஆத்தா செய்கிற வேலையில் அறிவு என்று எதுவும் கிடையாது. அறிவு வேறு இடத்தில் இருக்கிறது. அதை வாங்க நீ கைகட்டி வரவேண்டும். இதுதான் ஆறாவது பாடம். இதற்குப் பரீட்சை இல்லை. ஆனாலும் பிள்ளைகள் எல்லாரும் இதை நெஞ்சில் எழுதிக்கொண்டுதான் வெளியே வருகிறார்கள். நம்ம பிள்ளை தாழ்ந்தவன் என்று படித்து வருகிறான், ஊர்ப் பிள்ளை உயர்ந்தவன் என்று படித்து வருகிறான். இரண்டு பேருக்கும் புத்தகம் ஒன்றுதான்.

தமிழிலிருந்து தொடங்குவோம். தாய்மொழிப் பாடம் என்கிறார்கள். யாருடைய தாய்? பிள்ளை தன் ஆத்தா பேசுகிற மாதிரி ஒரு வரி எழுதிவிட்டால் சிவப்பு மையில் சுழித்து, பக்கத்தில் ‘கொச்சை’ என்று எழுதுகிறார் தமிழய்யா. இது அவர் கண்டுபிடித்ததும் இல்லை. மொழி வழக்கு என்பது உயர்ந்தோரிடத்தில் இருப்பது என்று தொல்காப்பியமே வரையறுத்து வைத்திருக்கிறது. பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தது. இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ 1994இல் வந்தது. சேரியின் பேச்சை அப்படியே எடுத்துவந்து இலக்கியமாக்கிக் காட்டிய புத்தகங்கள். ‘கருக்கு’ கல்லூரியில் பாடம். எம்.ஏ. மாணவர் அதில் ஆய்வு செய்து பட்டம் வாங்கலாம். அதே பேச்சை ஆறாம் வகுப்புப் பிள்ளை எழுதினால் மார்க் போய்விடும். பொது மொழி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. மனு எழுதவும் வழக்காடவும் அது நமக்கும் வேண்டும். அதைக் கற்றுக்கொடுக்கிற விலையாக ஆத்தாவின் பேச்சை அசிங்கம் என்று ஏன் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்றுதான் கேட்கிறோம்.

இலக்கணத்துக்கு வாருங்கள். தகுதி வழக்கு மூன்று என்று படிக்கிறோம். இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. சபையில் சொல்லக் கூசுவதை மறைத்து, ‘கால் கழுவி வந்தேன்’ என்பது இடக்கரடக்கல். நல்லது. சொல்லவே கூசுகிற அந்தப் பொருளைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்தவர் யார்? சொல்லுக்குத் திரை கட்டிய இலக்கணம் சுமந்தவர் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. சுடுகாட்டை ‘நன்காடு’ என்பது மங்கலம். ஊருக்கு ஒரு சுடுகாடு, சேரிக்கு ஒரு சுடுகாடு, சேரிப் பிணம் ஊர்த்தெரு வழியாகப் போகக்கூடாது என்று இருக்கிற நாட்டில் எந்தக் காடு நன்காடு? பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பது குழூஉக்குறிக்கு உதாரணம். ஆண்டையின் காதில் விழாமல் பேசிக்கொள்ள நம் பாட்டன் பாட்டிகள் வைத்திருந்த சொற்கள் எத்தனை, தப்படிக்கிறவர்கள் அடிக்கு வைத்த பேர்கள் எத்தனை! அவையும் குழூஉக்குறிதான். வீட்டுக்குப் போய் ஆயாவிடம் கேட்டுப் பத்துச் சொல் எழுதிக்கொண்டு வா என்று ஒரு பயிற்சி கொடுத்தால் இலக்கணம் கெட்டுப்போகுமா? அன்றைக்குத்தான் பிள்ளைக்கு இலக்கணம் புரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புனேயில் ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும் நடத்திய பள்ளியில் முக்தா சால்வே என்று ஒரு சிறுமி படித்தார். மாங் சாதியில் பிறந்தவர். தன் சாதியும் மகார்களும் படுகிற துயரத்தைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1855இல் ‘ஞானோதயா’ பத்திரிகையில் அச்சானது. அப்போது அவருக்குப் பதினாலு வயசு. நம் கணக்கில் எட்டாம் வகுப்பு. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இன்றைக்கும் மழைநீர் சேமிப்பு, நான் விரும்பும் தலைவர் என்று தலைப்புக் கொடுத்துக் கட்டுரை எழுதச் சொல்கிறோம். அந்தப் பள்ளியில் அந்தச் சிறுமி தன் வாழ்க்கையையே எழுதினார். 170 வருஷம் ஓடிப்போயிற்று.

அடுத்து கணக்கு. கணக்குக்குச் சாதி ஏது, இரண்டும் இரண்டும் எல்லாருக்கும் நாலுதானே என்பார்கள். அம்பேத்கரைக் கேட்டால் தெரியும். பம்பாய் எல்பின்ஸ்டன் பள்ளியில் வாத்தியார் அவரைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டுக் கணக்குப் போடச் சொன்னார். பலகைக்குப் பின்னால் மற்ற பையன்களின் சாப்பாட்டு டப்பாக்கள் இருந்தன. தீட்டுப்பட்டுவிடும் என்று கத்திக்கொண்டு ஓடி, டப்பாக்களை எல்லாம் அகற்றிய பிறகுதான் அவர் பலகையைத் தொட முடிந்தது. கணக்கு பொது. பலகை பொதுவாக இல்லை.

கணக்குப் புத்தகத்தின் உள்ளே போனாலும் அதே கதைதான். லாபம் நஷ்டம், தள்ளுபடி, தனிவட்டி, கூட்டுவட்டி. இந்தக் கணக்குகளில் பெரும்பாலும் பிள்ளை எங்கே நிற்கிறான்? கல்லாப் பெட்டிக்குப் பின்னால் நிற்கிறான், அல்லது காசு கொடுத்து வாங்குகிறவனாக நிற்கிறான். வட்டி கொடுத்துச் சாகிறவன் பக்கத்திலிருந்து போட்ட கணக்கு எங்கே? நாமே ஒன்று போட்டுப் பார்ப்போம். செங்கல் சூளையில் ஒரு குடும்பம் 20,000 ரூபாய் முன்பணம் வாங்குகிறது. வாரக் கூலியில் 300 ரூபாய் பிடித்தம். ஒரு சீசன் 26 வாரம். சீசன் முடியும்போது பாக்கி எவ்வளவு? 7,800 ரூபாய் கழிந்தது போக 12,200. அடுத்த வருஷமும் சூளைக்கு வந்தே தீர வேண்டும். பெருக்கல், கழித்தல் எல்லாம் சரி. ஆனால் 1976ஆம் வருஷத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின்படி, கொத்தடிமையாக வைத்திருப்பதற்குக் கொடுத்த கடன் கடனே அல்ல, திருப்பிக் கொடுக்கத் தேவையில்லை. அப்படியானால் சரியான விடை பூஜ்யம். இந்தப் பூஜ்யத்தை ஏழாம் வகுப்பிலேயே கற்ற பிள்ளையின் அப்பனை எந்த முதலாளியும் சுலபத்தில் ஏய்த்துவிட முடியாது. இந்தக் கணக்கு ஏன் புத்தகத்தில் ஏறவில்லை என்பதற்குக் காரணம் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம்.

அளவைகள் பாடம் வருகிறது. மீட்டர், லிட்டர், கிலோகிராம். நம் தாத்தன்மார் கூலியாக வாங்கியது மரக்காலிலும் படியிலும். கொடுக்கும்போது ஒரு மரக்கால், வாங்கும்போது ஒரு மரக்கால் என்று ஆண்டை வீட்டில் இரண்டு மரக்கால் இருந்த கதையைத் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். அளவு என்றால் என்ன, அதைத் தரப்படுத்துவது ஏன் என்று புரியவைக்க இதைவிட நல்ல பாடம் உண்டா? கூலி அரைப்படி நெல் உயர்த்திக் கேட்டதில் முற்றிய பகைதான் 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தியது. அரைப்படி என்பது நமக்கு வெறும் பின்னம் இல்லை. நிலக் கணக்குக்கும் வருவோம். 1892இல் வெள்ளைக்கார அரசு உத்தரவுப்படி தலித்துகளுக்கு ஒதுக்கியதாகச் சொல்லப்படும் பஞ்சமி நிலம் 12 லட்சம் ஏக்கர். பத்து வருஷம் யாருக்கும் விற்கக்கூடாது, அதற்குப் பிறகும் நம்மவருக்குத்தான் விற்கலாம் என்பது நிபந்தனை. அதை மீட்கப் போய்த்தான் 1994 அக்டோபர் 10இல் காரணையில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். ஏக்கரை ஹெக்டேராக மாற்று என்று கணக்குக் கொடுக்கிறவர்கள், பன்னிரண்டு லட்சத்தை மாற்றச் சொல்லலாமே.

அறிவியல். இதில்தான் நமக்கு நம்பிக்கை அதிகம். ரத்தத்தில் சாதி இல்லை என்று அறிவியல் சொல்கிறது. ஆனால் சொல்லிக் கொடுக்கிற அறிவியல் எங்கே பார்க்கிறது என்று கவனியுங்கள். ஒலி பாடத்தில் அதிர்வு, அதிர்வெண், சுருதி. இழுவிசை கூடினால் சுருதி கூடும் என்று எழுதிப் போடுகிறார்கள். வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சுகிற நம் அண்ணன் செய்வது அதேதான். சூட்டில் ஈரம் போய்த் தோல் இறுகுகிறது, சுருதி ஏறுகிறது. வேதியியலில் அமிலம், காரம். தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து மயிரை உதிர்ப்பதும், ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் இருக்கிற துவர்ப்பால் தோலைக் கெடாமல் பதனிடுவதும் வேதியியல்தான். இதை நூற்றாண்டுகளாகக் கையால் செய்து பார்த்தவர்களை இழிந்தவர் என்றார்கள். அவர்கள் பேரப்பிள்ளைக்கு லிட்மஸ் தாளைக் காட்டி, இது உனக்குப் புதுசு என்கிறார்கள்.

சத்துணவுப் பாடத்தில் புரதம், இரும்புச்சத்து என்று பட்டியல் போடுகிறோம். ஏழை வாங்கக்கூடிய விலையில் இரண்டும் கிடைக்கிற மாட்டுக்கறியைக் கரும்பலகையில் எழுதிய ஆசிரியர் எத்தனை பேர்? எழுதாமல் விடுகிறபோது, தன் வீட்டுச் சோறு பேர் சொல்லக்கூடாத சோறு என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது.

தண்ணீர்ப் பாடம். படிய வைத்தல், வடிகட்டல், குளோரின் போடுதல். 1927 மார்ச் 20இல் மகத் நகரத்துச் சவுதார் குளத்தில் அம்பேத்கரும் தோழர்களும் இறங்கித் தண்ணீர் குடித்தார்கள். பிறகு சாதி இந்துக்கள் 108 பானையில் பால், தயிர், மாட்டுச் சாணம், மூத்திரம் எல்லாம் கொண்டுவந்து கொட்டி, மந்திரம் சொல்லிக் குளத்தைச் ‘சுத்தம்’ செய்தார்கள். குளத்தில் கிருமி கூடியதா, குறைந்ததா? ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக் கொடுக்கக்கூடிய அருமையான கேள்வி. சுத்தம் வேறு, தீட்டு வேறு என்பதை ஒரே கேள்வியில் பிரித்துக் காட்டிவிடும். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்து கிடந்தது. அதைப் பத்திரிகையில் பார்த்த பிள்ளைகளுக்கு மறுநாள் தண்ணீர்ப் பாடம் நடத்திய ஆசிரியர்கள் இருந்திருப்பார்கள். அவர்கள் என்ன பேசினார்கள்?

வாயுக்கள் பாடம் இதைவிட அவசரமானது. இது உயிர்ப் பிரச்சினை. சாக்கடைக் குழியில் உண்டாகிற ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது. அடியில் தங்கும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கின் மோப்பத்தையே சாகடித்துவிடும். நாற்றம் இல்லையே என்று இறங்குகிற ஆள் சில மூச்சுக்குள் விழுந்துவிடுவார். அவரைத் தூக்க இறங்குகிற ஆளும் விழுவார். மனிதரை இப்படி இறக்குவதை 2013ஆம் வருஷச் சட்டம் தடை செய்கிறது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் கொடு என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023இல் அதை 30 லட்சமாக்கியது. ஒரு வாயுவின் குணத்தை எட்டாம் வகுப்பில் ஒழுங்காகச் சொல்லிக் கொடுப்பதும், சட்டத்தை அதே பக்கத்தில் அச்சடிப்பதும் எத்தனை பேரைக் காப்பாற்றும்! குழியில் இறங்குகிறவர் வீட்டுப் பிள்ளை நம் வகுப்பில்தானே உட்கார்ந்திருக்கிறது.

ஆங்கிலம். ஆங்கிலம் நமக்கு வேண்டும் என்பதில் நமக்குள் இரண்டு கருத்து இல்லை. சமஸ்கிருதம் படிக்க விரும்பிய அம்பேத்கருக்குப் பள்ளியில் அது மறுக்கப்பட்டது, அவர் பாரசீகம் எடுத்துப் படித்தார். ஆங்கிலம்தான் அவரை நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் கொண்டுபோனது. ஆனால் நம்ம பிள்ளைக்கு ஆங்கில வகுப்பில் என்ன கிடைக்கிறது? மூன்று வருஷமும் மனப்பாடமாகிற ஒரே கடிதம் விடுமுறை விண்ணப்பம். காய்ச்சல் என்பதால் தயவுகூர்ந்து இரண்டு நாள் லீவு கொடுக்கும்படி மிகவும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன், இப்படிக்குத் தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன். பணிவு, கீழ்ப்படிதல், தயவு. நாலு வரியில் மூன்று தடவை குனிய வைக்கிறார்கள். குனிய நமக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டுமா? அதே நாலு வரியில், எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை, காரணம் கேட்டு எழுதுகிறேன் என்று கலெக்டருக்கு எழுதக் கற்றுக்கொடுக்கலாம். 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பேரைப் பிழையில்லாமல் எழுதக் கற்றுக்கொடுக்கலாம். இலக்கணம் அதே இலக்கணம்தான். நிமிர்ந்த வாக்கியம் எழுதினால் மார்க் குறையாது.

கடைசியாகச் சமூக அறிவியல். இங்கே வந்ததும், அதான் அம்பேத்கரைப் போட்டிருக்கிறோமே என்பார்கள். உண்மைதான். தமிழ்நாட்டில் 2018இலிருந்து வந்த புதிய புத்தகங்களில் ஆறாம் வகுப்புக் குடிமையியலில் ‘சமத்துவம் பெறுதல்’ என்று ஒரு பாடம் உண்டு. ஏழாவதில் ‘சமத்துவம்’ என்று ஒரு பாடம் உண்டு. எட்டாவதில் மனித உரிமைகள் உண்டு. இதெல்லாம் போராடி வந்தவை. இல்லை என்று சொல்ல மாட்டோம். ஆனால் குடிமையியலில் ஒரு அறையில் சமத்துவத்தைக் குடிவைத்துவிட்டு, பக்கத்து அறையான வரலாற்றில் என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

உத்திரமேரூர்க் கல்வெட்டு. குடவோலை முறை. அந்தக் காலத்திலேயே தமிழன் ஜனநாயகம் கண்டான் என்று மார்தட்டுகிறோம். பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தகன் காலத்தில் பொறித்த அந்தக் கல்வெட்டிலேயே யார் பேரைக் குடத்தில் போடலாம் என்று இருக்கிறது. 35 வயசுக்கு மேல், 70 வயசுக்குள். கால் வேலிக்கு மேல் இறை கட்டுகிற நிலம். சொந்த மனையில் வீடு. வேதம் தெரிந்திருக்க வேண்டும். பிள்ளைகள் இந்தத் தகுதிகளை மனப்பாடம் செய்து எழுதி ஐந்து மார்க் வாங்குகிறார்கள். நிலம் இல்லாதவன் பேர், வேதம் காதில் விழக்கூடாதவன் பேர், பொம்பளை பேர் குடத்தில் உண்டா என்று ஒரு மார்க் கேள்வி இருந்தால் போதும், பாடம் தலைகீழாகப் புரண்டுவிடும். ராஜராஜன் கட்டிய தஞ்சைப் பெரிய கோயில் நம் பெருமை. அந்தக் கோயில் சுவரில் வரியில்லா நிலங்களைப் பட்டியல் போடும் கல்வெட்டில் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் இருக்கின்றன. கோபுர உயரம் கேட்கிற கேள்வித்தாள் சுவரையும் படிக்கச் சொல்லட்டும்.

எட்டாம் வகுப்பில் பிரிட்டிஷ் ஆட்சியின் கிராமம். ஜமீன்தாரி, ரயத்துவாரி, மகல்வாரி. ரயத்துவாரியில் அரசு நேரடியாக விவசாயியிடம் வரி வாங்கியது என்று படிக்கிறோம். ரயத்து என்றால் யார்? நிலம் தன் பேரில் இருக்கிறவன். ஏர் ஓட்டிய பண்ணையாள், படியாள் அந்தப் பதிவேட்டில் வரமாட்டான். அவன் யாரிடமும் வரி கட்டவில்லை, ஆகவே வரலாற்றிலும் அவன் இல்லை. கம்பெனிக்கு யார் பணம் கட்டினார் என்று கம்பெனி கேட்ட கேள்வியையே நாம் இன்னும் பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். கல்வி வளர்ச்சி பற்றிய பாடத்தில் 1882 ஹண்டர் குழு வருகிறது. அந்தக் குழுவின் முன் ஜோதிராவ் புலே கொடுத்த வாக்குமூலம்தான் விஷயம். உழைக்கிறவன் கொடுக்கிற வரியில் மேல்சாதிப் பிள்ளைகள் உயர்கல்வி படிக்கிறார்கள், உழைக்கிறவன் பிள்ளைக்கு ஆரம்பக் கல்விகூட இல்லை, குறைந்தது பன்னிரண்டு வயசு வரைக்கும் அதைக் கட்டாயமாக்கு என்று அவர் கேட்டார். குழுவின் பேரும் வருஷமும் மட்டும் படிக்கிற பிள்ளைக்கு, தனக்காக ஒருவர் அங்கே நின்று பேசினார் என்பது தெரியாமலே போய்விடும்.

இப்போது ஒரு கேள்வி வரும். எல்லாப் பாடத்திலும் சாதியைக் கொண்டுவந்து திணிக்கச் சொல்கிறீர்களா? ஒரு பாடத்தில் நன்றாகச் சொன்னால் போதாதா?

போதாது. இதற்குப் பதில் டெல்லியில் கிடைத்திருக்கிறது. என்சிஇஆர்டி 2006இலிருந்து கொண்டுவந்த நடுநிலை வகுப்புச் சமூக அறிவியல் புத்தகங்களில் இந்த விஷயம் தைரியமாக எழுதப்பட்டிருந்தது. 1901இல் அப்பாவைப் பார்க்க ரயிலில் போன சிறுவன் அம்பேத்கர் பட்ட அவமானம் ஆறாம் வகுப்பில் இருந்தது. பள்ளி மைதானத்தைப் பெருக்க வைக்கப்பட்ட ஓம்பிரகாஷ் வால்மீகியின் கதை ஏழாம் வகுப்பில் இருந்தது. 1989 சட்டம் எட்டாம் வகுப்பில் இருந்தது. 2024இல் ஆறாம் வகுப்புக்குப் புதிய புத்தகம் வந்தது. ‘பன்முகத்தன்மையும் பாகுபாடும்’ என்று இருந்த பாடத்தின் இடத்தில் வேற்றுமையில் ஒற்றுமை என்கிற பாடம் உட்கார்ந்துகொண்டது. பாகுபாடு என்ற சொல் தலைப்பிலிருந்தே போயிற்று. அந்த ரயில் பயணமும் போயிற்று. கணக்கையும் அறிவியலையும் ஒருத்தரும் தொடத் தேவைப்படவில்லை. அங்கேதான் ஏற்கெனவே ஒன்றும் இல்லையே. ஒரே அறையில் வைத்தால் ஒரே பூட்டுப் போதும். ஐந்து பாடத்திலும் பரவி வேர்விட்டிருந்தால் ஒரு புத்தகத்தை மாற்றி அதைப் பிடுங்கிவிட முடியாது.

தமிழ்நாட்டில் அப்படி நடக்காது என்று தூங்க வேண்டாம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவனையும் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் கூடப் படித்த பையன்கள். அவர்களும் ஆறாவது, ஏழாவது, எட்டாவது படித்துத்தான் வந்தார்கள். பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு கூடாது, பள்ளிப் பெயரில் சாதி கூடாது என்று நல்ல பரிந்துரைகள். ஆறாம் வகுப்பிலிருந்தே சாதிக் கொடுமை பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்பதும் உண்டு. வரவேற்கிறோம். ஆனால் வாரத்துக்கு ஒரு பீரியட் நல்லொழுக்க வகுப்பாக இது சுருங்கிவிடக் கூடாது. நல்லொழுக்க வகுப்பில் என்ன நடக்கும் என்று படித்தவர்களுக்கெல்லாம் தெரியும். கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்வார். நடந்தாலும், எல்லாரும் சமம் தம்பி என்கிற உபதேசத்தைக் கேட்டு யாரும் அரிவாளைக் கீழே போடுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் அப்பனுக்குத் தெரிந்த வேதியியலை, அவன் ஆயாவுக்குத் தெரிந்த தமிழை, அவன் தாத்தனுக்கு ஏய்க்கப்பட்ட கணக்கைப் பாடமாகப் படித்தால்தான் ஊர்ப் பிள்ளையின் மண்டையில் உள்ள மேல் கீழ் ஆட்டம் காணும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். சேரியின் உழைப்பைப் பாடத்தில் கொண்டுவா என்றதும், ஆகா, தொழிற்கல்வி என்று பிடித்துக்கொள்ள ஆள் இருக்கிறது. 2020 தேசியக் கல்விக் கொள்கையில் ஆறிலிருந்து எட்டாம் வகுப்புக்குள் பத்து நாள் பையில்லாமல் தச்சர், தோட்டக்காரர், குயவர் இவர்களிடம் பிள்ளைகள் போய்ப் பழக வேண்டும் என்று இருக்கிறது. 1953இல் ராஜாஜி அரைநாள் பள்ளி, அரைநாள் அப்பன் தொழில் என்று கொண்டுவந்த குலக்கல்வியை இந்த மண் 1954இல் விரட்டியடித்தது. நாம் கேட்பது அதற்கு நேர் எதிர். அவர்கள் பிள்ளையைத் தொழிலுக்கு அனுப்பப் பார்க்கிறார்கள். தொழிலுக்குள் இருக்கிற அறிவு புத்தகத்துக்கு வரட்டும், பிள்ளை அந்தத் தொழிலை விட்டு வெளியே வரட்டும் என்கிறோம் நாம். பறையின் சுருதியை ஐயர் வீட்டுப் பையனும் படிக்கட்டும். பறையடிக்கிறவர் மகன் இசையும் படிக்கட்டும், இயற்பியலும் படிக்கட்டும், எதை வைத்துக்கொள்வது என்று அவனே முடிவு செய்யட்டும்.

தோழர்களே, கோரிக்கையை அரசிடம் வைப்போம். பாடநூல் திருத்தும் ஒவ்வொரு பாடக் குழுவிலும், கணக்கிலும் அறிவியலிலும்கூட, தலித் ஆசிரியர்களும் இந்த வரலாறு தெரிந்தவர்களும் இருக்க வேண்டும் என்று கேட்போம். ஆனால் அதுவரை காத்திருக்க முடியாது. நம்மில் பலர் மாலை வகுப்பு நடத்துகிறோம். அங்கே பள்ளிப் பாடத்தையே திருப்பிச் சொல்லிக் கொடுத்து மார்க் வாங்கவைப்பதோடு நின்றுவிடுகிறோம். மார்க் வேண்டும்தான். அதோடு கூட ஒரு நோட்டுப் போடுங்கள். ஐந்து பாடத்துக்கும் ஒரே நோட்டு. தமிழில் ஆயாவின் சொற்கள். கணக்கில் அப்பா வாங்கிய முன்பணமும் பிடித்தமும். அறிவியலில் தெருவின் தண்ணீர், சாக்கடை. ஆங்கிலத்தில் தாசில்தாருக்கு ஒரு கடிதம். சமூக அறிவியலில் தெருவில் யார் பேரில் எவ்வளவு நிலம், அது எப்போது எப்படிப் போயிற்று. பிள்ளைகளே எழுதட்டும். பத்து ஊரில் பத்து நோட்டுச் சேர்ந்தால் அதுவே நாம் பாடநூல் குழுவின் மேஜையில் கொண்டுபோய் வைக்கிற புத்தகம். இந்த ஜூனில் பள்ளி திறக்கும்போது தொடங்கலாம். ஒரு நோட்டு விலைதான் செலவு.